சத்தமே போடாத கண்ணாடி

இப்போது கண்ணாடியை ஏற்றப் போகிறேன். மைக்கைக் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், நன்றாகக் கேளுங்கள்... ஏறிவிட்டது. ஏதாவது கேட்டதா? எனக்கும் கேட்கவில்லை. என் காரில் கண்ணாடி ஏற்றினால் பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிற மாதிரி இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: இன்ஜின் ஓடவில்லை. நான் சாவியைத் தொடவே இல்லை.

வணக்கம். ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஒரு பெரியவரின் கொட்டகையில் நிற்கிறேன். பெயரைச் சொல்லக்கூடாது, முகத்தைக் காட்டக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் உள்ளே விட்டார். இது மெர்சிடீஸ் பென்ஸ் 600. 1963-இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டினார்கள். 1981 வரை தயாரித்தும் மொத்தம் 2,677 கார்கள்தான். இது அதில் சின்னது. சின்னது என்றால் ஐந்தரை மீட்டர் நீளம்! புல்மேன் என்கிற பெரியது 6.24 மீட்டர்.

சரி, கண்ணாடிக்கு வருகிறேன். மோட்டார் வைத்துக் கண்ணாடி ஏற்றுவது அப்போதே வழக்கத்தில் இருந்ததுதான். ஆனால் மோட்டார் என்றால் முனகும். அந்த முனகலே வேண்டாம் என்று எண்ணெய்க்குப் போனார்கள். இன்ஜின் ஓடும்போது ஒரு பம்பு எண்ணெயை அழுத்திச் சேமித்து வைக்கிறது, 150 பார் அளவுக்கு. நாம் டயருக்கு 33 பி.எஸ்.ஐ. காற்று வைக்கிறோம் இல்லையா, அந்தக் கணக்கில் இது 2,000-க்கும் மேல். ஜே.சி.பி.யின் கையைத் தூக்குகிற அதே வித்தையை ஒரு கார் கதவுக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள். முன்சீட்டை நகர்த்துவதும், டிக்கி மூடியைத் திறந்து மூடுவதும் இதே எண்ணெய்தான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இந்தப் பட்டன். இது மின்சார சுவிட்ச் இல்லை, எண்ணெய்க்கான வால்வு. மெதுவாக அழுத்தினால் கண்ணாடி ஊர்ந்து ஏறும், பாருங்கள். அழுந்த அழுத்தினால்... சடக்! விரல் மாட்டியதா என்றெல்லாம் பார்க்காது, ஏறிவிடும். பெரியவர் என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார், நியாயம்தான்.

இன்ஜின் 6.3 லிட்டர் வி8, 250 குதிரைத்திறன். இந்தக் காருக்கென்றே புதிதாகச் செய்தது. ஏறத்தாழ இரண்டரை டன் எடையை மணிக்கு 205 கிலோமீட்டர் வரை கொண்டுபோகும், அதுவும் அறுபதுகளில். அப்படி ஓடுவதை நிறுத்த வேண்டுமே! அதற்காக முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒரு டிஸ்க்குக்கு இரண்டு காலிப்பர், அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பிடி. சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுதான் காரைத் தாங்குகிறது. பிறகு 1968-இல் இதே இன்ஜினை 300 எஸ்.இ.எல். என்ற சாதாரண உடம்புக்குள் வைத்தார்கள். அது தனி வீடியோவுக்கான கதை.

யாரெல்லாம் வைத்திருந்தார்கள்? சீனாவின் மாவோ, யுகோஸ்லாவியாவின் டிட்டோ, பாடகர்கள் எல்விஸ் பிரெஸ்லி, ஜான் லென்னன். போப் ஆறாம் பவுலுக்குத் தனியாக ஒன்று செய்து கொடுத்தார்கள். உகாண்டாவின் சர்வாதிகாரி இடி அமீனிடமும் இருந்தது. ஒரே காரில் போப்பும் இடி அமீனும்! இந்தப் பட்டியலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், எனக்கென்னவோ அதைவிட அந்த வால்வுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

ஆனால் ஒன்று, இதை வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. ஒரு குழாயில் எண்ணெய் கசிந்தால் கதவின் உள்பக்கத்தையே கழற்ற வேண்டும். வெளியே வந்த எண்ணெய் சீட்டின் தோலையும் கம்பளத்தையும் பாழாக்கிவிடும். மோட்டார் என்றால் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டிவிட்டுப் போகலாம். சத்தம் வேண்டாம் என்றவர்கள் அந்த வசதியையும் சேர்த்தே விட்டுவிட்டார்கள். அதற்காக இதைத் தப்பான முடிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பெரியவர் போன வருடம் முழுக்க இடது பின்கதவோடுதான் வாழ்ந்தாராம். சொல்லும்போது சிரிக்கிறார்.

இப்போது ஸ்டார்ட் செய்யலாம் என்கிறார். பின்பக்கம் கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறது, தெரிகிறதா? ராத்திரியில் காற்று இறங்கியிருக்கிறது. இன்ஜின் ஓட ஓட மெல்ல எழுந்து நிற்கும். மைக்கை எக்ஸாஸ்ட் பக்கம் கொண்டுபோகிறேன். கொஞ்ச நேரம் நான் பேசமாட்டேன்.