ஃபார் லாப் சுமந்த எடை

வானொலி நேயர்கள் அனைவருக்கும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து என் அன்பான வணக்கம்.

1931ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், ஃபிளெமிங்டன் திடலில் நடைபெற்ற மெல்பர்ன் கோப்பைப் பந்தயத்தில், ஐந்து வயதுச் செந்நிறக் குதிரை ஒன்று 68 கிலோ எடையை முதுகில் ஏற்றிக்கொண்டு இரண்டு மைல் தூரம் ஓடியது. அன்று வென்ற வைட் நோஸ் என்ற குதிரை சுமந்தது 43.5 கிலோதான். இரண்டுக்கும் இடையே 24 கிலோவுக்கு மேல் வேறுபாடு. 68 கிலோ சுமந்த குதிரை எட்டாவதாக வந்தது. அதன் பெயர் ஃபார் லாப். தன் வாழ்நாளில் ஓடிய 51 பந்தயங்களில் 37இல் வென்ற, பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் தரோபிரெட் இனத்தைச் சேர்ந்த அந்தக் குதிரையின் பெருமையைப் பேசுகிறவர்கள் வெற்றிகளை எண்ணிச் சொல்வது வழக்கம். அதன் முதுகில் ஏற்றப்பட்ட எடையைக் கணக்கில் எடுத்தால்தான் அந்தக் குதிரை எத்தகையது என்பது விளங்கும் என்று நான் கருதுகிறேன்.

குதிரைப் பந்தயம் என்றதும் நம் ரப்பர் தோட்டத்து மக்களில் பலருக்கு நினைவுக்கு வருவது, சம்பள நாளன்று கைக்கு வந்த பணம் வீடு போய்ச் சேராமல் கரைந்துபோன கதைகள்தாம். அந்த வேதனை உண்மையானது. அதனை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. இன்று நான் பேச வந்தது பணம் கட்டுவதைப் பற்றியன்று, ஓடிய குதிரையைப் பற்றி.

முதலில் இந்த எடை ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பந்தயங்களில் இரண்டு வகை முக்கியமானவை. ஒன்றில், குதிரையின் வயதையும் பாலினத்தையும் பார்த்து எடை தீர்மானிக்கப்படும். ஒரே வயதுடைய குதிரைகள் ஏறத்தாழ ஒரே எடையைச் சுமக்கும். மற்றொன்று ஹாண்டிகேப் எனப்படும் பந்தயம். அதில் ஒவ்வொரு குதிரையும் இதுவரை எப்படி ஓடியிருக்கிறது என்பதை அதிகாரி ஒருவர் ஆராய்ந்து, வலுவான குதிரைக்குக் கூடுதல் எடையையும் வலுக்குறைந்த குதிரைக்குக் குறைந்த எடையையும் விதிப்பார். ஜாக்கியின் உடல் எடை, சேணத்தின் எடை இரண்டும் சேர்ந்து அந்த அளவுக்கு வராவிட்டால், சேணத்தோடு ஈயத் தகடுகளை வைத்து ஈடுசெய்வார்கள். எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் எல்லைக் கோட்டைத் தொட வேண்டும் என்பதே அந்த அதிகாரியின் இலக்கு. ஈப்போவில் ராஜா டி ஹிலிர் சாலைத் திடலில் ஓடும் குதிரைகளும் இந்த முறைக்கு உட்பட்டவையே. காண்டா என்னும் சுமைக்கம்பு கட்டித் தோளில் ரப்பர் பால் வாளி சுமந்து, மேட்டு நிரையிலிருந்து கொட்டகை வரை நடந்தவர்களுக்கு, கடைசிக் கால் மைலில் ஒரு கிலோ கூடுதலாக இருந்தாலும் உடம்பு அதனை எப்படி உணரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஃபார் லாப் 1926ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், நியூசிலாந்தின் தென் தீவில், திமாரு நகருக்கு அருகிலுள்ள சீடவுன் என்ற இடத்தில் பிறந்தது. தந்தை நைட் ரெய்டு, தாய் என்ட்ரீட்டி. சிட்னியில் அதிகம் அறியப்படாத பயிற்சியாளராக இருந்த ஹாரி டெல்ஃபோர்டு, அந்தக் குட்டியை நேரில் பாராமலே, அதன் வம்சாவளியை மட்டும் படித்துவிட்டு, இதை வாங்கியே தீர வேண்டும் என்று முடிவு செய்தார். அவரிடம் பணம் இல்லை. டேவிட் டேவிஸ் என்ற வணிகரை இணங்கவைத்து, 1928ஆம் ஆண்டு ஏலத்தில் 160 கினி விலைக்கு அதை எடுத்தார். ஒரு கினி என்பது ஒரு பவுண்டுக்குச் சற்றுக் கூடுதலான தொகை. கப்பலிலிருந்து இறங்கிய குதிரையைப் பார்த்த டேவிஸுக்குப் பெரும் ஏமாற்றம். மெலிந்து, கால்கள் நீண்டு, முகமெல்லாம் மரு நிறைந்திருந்த அந்தக் குட்டிக்குப் பயிற்சிச் செலவு கொடுக்க மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். இறுதியில், மூன்று ஆண்டுகளுக்கு டெல்ஃபோர்டே குதிரையைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு எல்லாச் செலவையும் ஏற்பது, பரிசுப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை டேவிஸுக்குக் கொடுப்பது என்று உடன்பாடு ஆயிற்று. உடல் வளர்ச்சியில் கவனம் செல்லட்டும் என்று குதிரைக்கு விதை நீக்கவும் செய்தார் டெல்ஃபோர்டு.

தொடக்கம் நம்பிக்கை தருவதாக இல்லை. முதல் ஒன்பது பந்தயங்களில் எட்டில் அது முதல் மூன்று இடங்களுக்குள் வரவேயில்லை; 1929 ஏப்ரலில் சிட்னியின் ரோஸ்ஹில் திடலில் பெற்ற ஒரேயொரு வெற்றிதான் மிச்சம். அந்த ஆண்டின் செப்டம்பர் மாதத்திலிருந்து எல்லாம் மாறியது. ரோஸ்ஹில் கினீஸ், சிட்னியில் ஆஸ்திரேலியன் ஜாக்கி கிளப்பின் ஏ.ஜே.சி. டெர்பி, மெல்பர்னில் விக்டோரியா டெர்பி என்று மூன்று வயதுக் குதிரைகளுக்கான பெரிய பந்தயங்களை வரிசையாக வென்றது. அடுத்து வந்த மெல்பர்ன் கோப்பையில் அதற்கு விதிக்கப்பட்ட எடை 47 கிலோ மட்டுமே. வழக்கமாக ஓட்டிய ஜிம் பைக் அவ்வளவு எடை குறைக்க இயலாதவர் என்பதால், பாபி லூயிஸ் ஏறினார். தொடக்கத்திலேயே வேகமெடுக்கத் துடித்த குதிரையை அவர் பிடித்து நிறுத்த, குதிரை அவரோடு மல்லுக்கட்டியே தன் பலத்தைச் செலவழித்து மூன்றாவதாக வந்தது. நைட்மார்ச் வென்றது. ஃபார் லாப் சுமந்த மிகக் குறைந்த எடைகளுள் ஒன்று அது என்பதையும், அந்த நாளில் அது தோற்றது என்பதையும் நேயர்கள் கவனிக்க வேண்டும். குதிரையை அறிந்தவர் முதுகில் இருப்பது ஈயத்தை விடக் கனமான செய்தி.

1930ஆம் ஆண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உலகப் பொருளாதார மந்தத்தின் காலம் அது. நம் நாட்டில் ரப்பர் விலை சரிந்து, வேலையிழந்த பால்மரத் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் தமிழகத்துக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்டதும் அதே ஆண்டுகளில்தான். ஆஸ்திரேலியாவிலும் வேலையின்மை கடுமையாக இருந்தது. ஏலத்தில் மலிவாகப் போன, உரிமையாளராலேயே வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட ஒரு குதிரை பெரும் பணக்காரர்களின் குதிரைகளை முந்தி ஓடுவதைக் காண, ஏழை எளியவர்கள் திடலுக்குத் திரண்டார்கள்.

அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் சனிக்கிழமை அதிகாலை, பயிற்சி முடிந்து குதிரை லாயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அதனைப் பராமரித்த டாமி வுட்காக் என்ற இளைஞர் ஒரு மட்டக்குதிரையில் அமர்ந்து அதை அழைத்துச் சென்றார். தெருவில் ஒரு கார் அவர்களைத் தொடர்ந்தது. காரிலிருந்தவர்கள் செய்தித்தாளால் முகத்தை மறைத்திருந்தது வுட்காக்கின் கண்ணில் பட்டது. உடனே அவர் தம் மட்டக்குதிரையை இடையில் செலுத்தி, ஃபார் லாப்பை வேலியோரமாகத் தள்ளி மறைத்தார். துப்பாக்கி வெடித்தது, குண்டு யார்மேலும் படவில்லை. சுட்டவர்கள் பிடிபடவேயில்லை. அன்று பிற்பகலே ஃபார் லாப் ஃபிளெமிங்டனில் மெல்பர்ன் ஸ்டேக்ஸ் பந்தயத்தில் ஓடி வென்றது.

அதன் பின் குதிரையை ஜீலாங் நகருக்கு அருகிலுள்ள செயின்ட் ஆல்பன்ஸ் பண்ணையில் ஒளித்துவைத்தார்கள். கோப்பை நாளன்று புறப்படும் வேளையில் குதிரை ஏற்றும் வண்டி கிளம்ப மறுத்தது. ஒருவழியாக அதனைக் கிளப்பித் திடலை அடைந்தபோது, பந்தயத்துக்கு ஒரு மணி நேரம்கூட மிஞ்சவில்லை. நான்கு வயதுக் குதிரையின் முதுகில் 62.5 கிலோ. ஜிம் பைக் அதனை நடுக்கூட்டத்தில் பொறுமையாக ஓடவிட்டு, கடைசி நேர்தூரத்தில் கைப்பிடியைத் தளர்த்தினார். மூன்று குதிரை நீளத்தில் வெற்றி. மெல்பர்ன் கோப்பையின் வரலாற்றில், கட்டிய பணத்தை விடக் குறைவான தொகையே ஆதாயமாகக் கிடைக்கும் அளவுக்கு மக்கள் நம்பிக்கை வைத்த ஒரே குதிரை அது. வியாழக்கிழமை லின்லித்கோ ஸ்டேக்ஸ், சனிக்கிழமை ஃபிஷர் பிளேட் என்று அதே பந்தய விழாவின் நான்கு நாள்களிலும் அது வென்றது. எட்டு நாள்களில் நான்கு பெரிய பந்தயங்கள்! இன்றைய பயிற்சியாளர் எவரும் ஒரு குதிரையிடம் இதனைக் கேட்கத் துணியமாட்டார், கேட்கவும் கூடாது.

இத்தனையையும் தாங்கிய உடம்பை நாள்தோறும் கவனித்தவர் வுட்காக். அவர் குதிரையை ‘பாபி’ என்று அழைத்தார்; கொட்டடியின் வாசலிலேயே படுத்துறங்கினார். என் தந்தையார் ஈப்போ லாயத்தில் குதிரைக்காரராக வேலை பார்த்தவர். விடிவதற்கு முன்பே கொட்டடிக்குள் குனிந்து, குதிரையின் முன்னங்கால்களில் முட்டிக்குக் கீழே உள்ள தசைநார்களைப் புறங்கையால் மேலிருந்து கீழாகத் தடவி, எங்காவது சூடு தெரிகிறதா என்று பார்ப்பார். உள்ளங்கையை விடப் புறங்கைக்கே சூடு துல்லியமாகத் தெரியும் என்பார். சூடு தெரிந்தால் அன்று ஓட்டம் இல்லை. பயிற்சியாளர் கோபித்தாலும் சொல்லிவிடுவார். அடுத்ததாகத் தீவனத் தொட்டியைப் பார்ப்பார், இரவு வைத்ததில் எவ்வளவு மிச்சம் என்று. பரிசளிப்பு மேடையில் இத்தகையவர்களின் பெயர் வாசிக்கப்படுவதில்லை. மலாயாவின் பந்தயத் திடல்களில் இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்களில் நம் மக்கள் ஏராளம் என்பதால், வுட்காக்கின் பெயரை நான் அழுத்திச் சொல்கிறேன்.

1930 செப்டம்பரிலிருந்து 1931 மார்ச் வரை தொடர்ந்து 14 வெற்றிகள். அவற்றுள், கால்ஃபீல்டு திடலில் ஈரத்தரையில் ஏறத்தாழ 65 கிலோ சுமந்து, குறுகிய தூரத்தில் வென்ற ஃப்யூச்சுரிட்டி ஸ்டேக்ஸ் ஒன்றே போதும், அதன் வலிமையைச் சொல்ல. குத்தகைக் காலம் முடிந்ததும் டெல்ஃபோர்டு 4,000 பவுண்டு கொடுத்துக் குதிரையில் பாதி உரிமையை வாங்கினார். 160 கினி எங்கே, 4,000 பவுண்டு எங்கே! மீண்டும் எட்டு வெற்றிகள் தொடர்ந்தன. மெல்பர்னின் காக்ஸ் பிளேட் பந்தயத்தை இரண்டாம் முறையாக வென்றதும் அவற்றுள் அடங்கும்.

இந்த நிலையில்தான் 1931 கோப்பைக்கு 68 கிலோ விதிக்கப்பட்டது. அது எத்தகைய சுமை என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. மெல்பர்ன் கோப்பையை மிகக் கூடுதலான எடையோடு வென்ற குதிரை கார்பைன். 1890ஆம் ஆண்டு 39 குதிரைகள் ஓடிய பந்தயத்தில் அது சுமந்தது ஏறத்தாழ 66 கிலோ. இன்று வரை அதனை மிஞ்சியவர் இல்லை. அதற்கும் மேலே இரண்டு கிலோவை ஃபார் லாப்பின் முதுகில் வைத்தார்கள். வெல்ல வாய்ப்பில்லை என்பது பாதி வழியிலேயே புரிந்துவிட்டதால், ஜிம் பைக் அதனை வருத்தாமல் ஓடவிட்டு எட்டாவதாகக் கொண்டுவந்து சேர்த்தார். அந்தக் கை அடக்கத்துக்காக அவரை நான் மிகவும் மதிக்கிறேன். 1930 மார்ச்சில் வென்ற செயின்ட் லெஜர் பந்தயத்திலிருந்து கடைசிப் பந்தயம் வரை அது ஓடியவை 35, வென்றவை 32, இரண்டில் இரண்டாம் இடம். எஞ்சிய ஒன்றுதான் இந்தப் பந்தயம்.

பின்னர் டேவிஸின் விருப்பப்படி குதிரை கப்பலில் அமெரிக்காவுக்குப் பயணமானது. டெல்ஃபோர்டு உடன் செல்லவில்லை. பயிற்சியாளர் பொறுப்பு வுட்காக்கிடம் வந்தது. மெக்சிகோவின் திஹுவானாவில், 1932 மார்ச் 20ஆம் நாள், அகுவா காலியென்டே ஹாண்டிகேப். புல்தரையிலேயே ஓடிப் பழகிய குதிரைக்கு அங்கே மண்தரை புதிது. குளம்பில் வெடிப்பு ஏற்பட்டு, அதைத் தாங்கும் தனி லாடம் அடிக்க வேண்டியிருந்தது. எடை ஏறத்தாழ 58.5 கிலோ. பில்லி எலியட் ஓட்டினார். பின்தங்கித் தொடங்கி, வெளிச்சுற்றில் எல்லாக் குதிரைகளையும் சுற்றிவந்து முந்தியது. ரெவெய்லி பாய் நெருங்கிவந்தபோது மறுபடி வேகமெடுத்து விலகி, இரண்டு நிமிடம் இரண்டே முக்கால் வினாடிகளுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஒன்றேகால் மைல் ஓடி, அந்தத் திடலின் சாதனையை முறியடித்தது. அதுவே அதன் கடைசி ஓட்டம்.

ஏப்ரல் 5ஆம் நாள், கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கடும் வயிற்று வலியோடு துடித்த குதிரை வுட்காக்கின் கண்ணெதிரே இறந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் அதன் பிடரி மயிரை ஆராய்ந்த அறிவியலாளர்கள் ஆர்சனிக் நஞ்சின் தடயத்தைக் கண்டார்கள். அக்காலத்தில் குதிரைகளுக்குக் கொடுக்கப்பட்ட சத்து மருந்துகளிலும் ஆர்சனிக் கலந்திருந்ததால், யாரேனும் நஞ்சூட்டினார்களா என்ற விவாதம் ஓயவில்லை. அதன் எலும்புக்கூடு வெலிங்டனிலும், பதப்படுத்தப்பட்ட தோலுருவம் மெல்பர்னிலும், இதயம் கான்பெராவிலும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. சாதாரணக் குதிரையின் இதயம் மூன்று கிலோவைச் சற்றுத் தாண்டும். ஃபார் லாப்பின் இதயம் 6.2 கிலோ.

டாமி வுட்காக் ஆஸ்திரேலியா திரும்பித் தாமும் பயிற்சியாளரானார். 1977ஆம் ஆண்டு, அவர் வளர்த்த ரெக்லஸ் என்ற குதிரை சிட்னி, அடிலெய்டு, பிரிஸ்பன் கோப்பைகள் மூன்றையும் வென்றுவிட்டு மெல்பர்ன் கோப்பைக்கு வந்தது. வுட்காக்குக்கு அப்போது வயது 72. ரெக்லஸ், கோல்டு அண்ட் பிளாக் என்ற குதிரைக்கு அடுத்து இரண்டாவதாக வந்தது. ஃபிளெமிங்டன் கூட்டமோ வென்ற குதிரைக்கு இணையாக அந்த முதியவருக்காகவும் நெஞ்சுருகியது.

நேயர்களே, செவிமடுத்தமைக்கு நன்றி. வணக்கம்.