சத்தம் போடாத வீடு

(அம்மன் கோயில் கொடை விழாப் பட்டிமன்றம். தலைப்பு: பாடகி பில்லி ஐலிஷை உயர்த்தியது வீடா, இணையமா? 'வீடே' என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களுக்கும், எதிரணிக்கும், பாய் விரிச்சு முன்னால உக்காந்திருக்கிற பெரியம்மைமாருக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்தது பன்னிரண்டு நிமிஷம். அதை வணக்கத்துல கரைக்க மாட்டேன்.

தலைப்பு நம்ம இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் கொடுத்தது. பில்லி ஐலிஷ்னு சொன்னதும் பின்வரிசையில விசில் பறக்குது, முன்வரிசையில பெரியம்மைமார் 'யாருட்டி அது'ன்னு பேத்திகிட்ட கேக்காங்க. அவங்களுக்காக ரெண்டு வார்த்தை. 2001 டிசம்பர் 18-ல அமெரிக்காவுல, லாஸ் ஏஞ்சல்ஸ்ல பிறந்த பிள்ளை. 2020 ஜனவரியில நடந்த கிராமி விழாவுல, ஆண்டின் பாட்டு, ஆண்டின் பதிவு, ஆண்டின் ஆல்பம், சிறந்த புதுமுகம்னு நாலு பெரிய விருதையும் ஒரே ராத்திரியில வாங்கிச்சு. அதோட இன்னொண்ணும் சேர்த்து அஞ்சு. அப்போ அதுக்கு 18 வயசு. 2022-ல ஒரு ஆஸ்கர், 2024-ல இன்னொண்ணு. 22 வயசுக்குள்ள ரெண்டு ஆஸ்கர் வாங்குனது உலகத்துலயே இந்தப் பிள்ளைதான்.

இதெல்லாம் எதிரணியும் ஒத்துக்கிடுத சங்கதி. இதுக்குக் காரணம் யாருங்கிறதுலதான் வழக்கு.

எனக்கு முன்னால பேசின தம்பி ஒரு போடு போட்டார். "வீடு என்னய்யா செய்யும்? பிள்ளை பாட வாயைத் திறந்தா 'சத்தம் போடாத'ன்னு சொல்லும். அடுத்துப் பேசப்போற அக்கா வீட்டுலயும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க"ன்னார். நீங்க தட்டுன தட்டுல பந்தல் தோரணம் ஆடிச்சு. அந்தக் கைதட்டலைத் திருப்பி வாங்காம நான் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

தம்பி, நீங்க சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. வீடு 'சத்தம் போடாத'ன்னு சொல்லத்தான் செய்யும். யாரைப் பாத்துச் சொல்லும்? அதை மட்டும் சொல்லாம உக்காந்துட்டீங்க. நான் சொல்லுதேன்.

முக்கூடல் பக்கம் எங்க ஊர். எதுத்த வீட்டுல ஒரு பிள்ளை. பத்தாம் வகுப்பு படிக்கும்போது தானே ஒரு பாட்டுக் கட்டிச்சு. அதை அம்மை செல்லுல பதிஞ்சு யூடியூப்ல போடணும்னு ஆசை. வீடுன்னா ஒரு திண்ணை, ஒரு பட்டாசல், பின்னால அடுக்களை, அவ்வளவுதான். அம்மை பீடி சுத்துதவ. மடியில சொளவு, பக்கத்துல ஈரச்சாக்குல சுருட்டுன இலை, கையில கத்திரி. ஆயிரம் சுத்துனாத்தான் கூலி. இலை வெட்டுத சத்தம் உங்களுக்கு நான் சொல்லவேண்டாம். கிரிச், கிரிச், கிரிச். முன்னால நாலு அம்மைமார் சிரிக்காங்க பாருங்க, அவங்க விரலுக்குத் தெரியும்.

பிள்ளை முதல் தடவை பாடிச்சு. போட்டுக் கேட்டா பாட்டுக்கு நடுவுல கிரிச் கிரிச். "எம்மா, கத்திரி விழுது." அம்மை கத்திரியைக் கீழ வச்சா. அன்னைக்குக் கணக்குல அரைமணி நேரம் போச்சு.

ரெண்டாவது தடவை. காத்தாடி இரையுது. சித்திரை மாசம், சுவரைத் தொட்டா கை சுடும். அம்மை எந்திரிச்சுக் காத்தாடியை நிப்பாட்டுனா.

மூணாவது தடவை. சரணத்துல குக்கர் விசில். அம்மை ஓடிப்போய் அடுப்பை அணைச்சா. பருப்பு பாதிதான் வெந்திருக்கு. அன்னைக்கு ராத்திரி அந்த வீட்டுல எல்லாரும் அதைத்தான் மென்னு சாப்பிட்டாங்க.

நாலாவது தடவை வெள்ளாடு. இந்த வெள்ளாட்டை நான் கொஞ்சம் நின்னுதான் சொல்லணும், நடுவர் அவர்களே. திண்ணையில கட்டியிருக்கு. இவ்வளவு நேரம் சும்மா கிடந்த ஆடு, பிள்ளை மேல் சுதிக்குப் போனதும் 'ம்ம்மே'ங்குது. கீழ வந்தா நிப்பாட்டுது. மறுபடி மேல போனா மறுபடி 'ம்ம்மே'. அம்மை யோசிச்சா. வாயில குழை இருக்குத வரைக்கும் ஆடு கத்தாதுல்லா? ஒரு கட்டு அகத்திக்குழையைத் தூக்கிக்கிட்டு ஆட்டு முன்னால குத்தவச்சு உக்காந்துட்டா. ஒரு கொத்து ஊட்டுவா, பட்டாசலைப் பாப்பா. பிள்ளை இன்னும் பாடுது. அடுத்த கொத்து. பல்லவிக்கு ஒரு கொத்து, அனுபல்லவிக்கு ஒரு கொத்து, சரணம் கொஞ்சம் நீளம், அதுக்கு மூணு கொத்து. நாலு நிமிஷப் பாட்டு முடியும்போது கட்டும் முடிஞ்சுபோச்சு. அந்த ஆடு அதுக்கு முன்னாலயும் அப்படித் தின்னதில்லை, பின்னாலயும் தின்னதில்லை.

அஞ்சாவது தடவை தாத்தா. பழைய இளைப்பு நோய்க்காரர். இருமலை அடக்குனா கூடுமே தவிர குறையாது. ஆட்டு வாயில குழை திணிக்கலாம், தாத்தாவை என்ன செய்ய? பிள்ளை ஒண்ணும் சொல்லலை, செல்லை மடியில வச்சுக்கிட்டுத் தரையைப் பாத்துக்கிட்டிருந்துச்சு. தாத்தாவே எந்திரிச்சார். துண்டை உதறித் தோள்ல போட்டார். "நான் தெருமுக்குப் பிள்ளையார் கோயில் படியில இருக்கேன். முடிஞ்சதும் கூப்பிடு தாயி"ன்னுட்டு நடந்துட்டார். ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும்.

தம்பி, கேட்டுக்கிடுங்க! அந்த வீடு 'சத்தம் போடாத'ன்னு சொல்லிச்சு. கத்திரிகிட்டச் சொல்லிச்சு. காத்தாடிகிட்டச் சொல்லிச்சு. குக்கர்கிட்டச் சொல்லிச்சு, வெள்ளாட்டுகிட்டச் சொல்லிச்சு. பாடுத பிள்ளைகிட்ட மட்டும் சொல்லலை!

இப்போ தட்டுங்க. ஆங், வந்துட்டு. தோரணம் ஆடுது.

இதே கதைதான் லாஸ் ஏஞ்சல்ஸ்லயும். ஹைலேண்ட் பார்க்ங்கிற பகுதியில ரெண்டே படுக்கையறை உள்ள சின்ன வீடு. அப்பாவும் அம்மாவும் நடிகர்கள், ஆனா பெரிய பேர் வாங்குனவங்க இல்லை. அப்பா குடும்பத்துக்காகக் கட்டட வேலையும் மராமத்து வேலையும் பாத்தவர். அண்ணன் ஃபினியஸ், தங்கச்சி பில்லி. இருக்குத ரெண்டு அறையையும் ஆளுக்கு ஒண்ணாப் பிள்ளைகளுக்குக் கொடுத்துட்டு அப்பாவும் அம்மாவும் எங்க படுத்தாங்க? பட்டாசல்ல! பிள்ளைகளை வீட்டுலயே வச்சுப் படிக்கவச்சாங்க. பதினோரு வயசுல பில்லி முதல்ல ஒழுங்கா ஒரு பாட்டு எழுதுனது, அம்மா நடத்துன பாட்டெழுதுற வகுப்புக்காக.

2015 நவம்பர்ல சவுண்ட்கிளவுட்ல ஏத்துன ஒரு பாட்டு ஊர் உலகமெல்லாம் பரவிச்சு, அதனால இணையம்தான் காரணம்னு தம்பி சொன்னார். அந்தப் பாட்டை எழுதுனது யாரு? அண்ணன். தன்னோட குழுவுக்குன்னு எழுதி வச்சதைத் தங்கச்சிக்குத் தூக்கிக் கொடுத்தார். பதிஞ்சது உலகத்துக்காகவா? நடனம் சொல்லிக்கொடுத்த வாத்தியார், ஆட ஒரு பாட்டு வேணும்னு கேட்டதுக்காக. பிள்ளைக்கு 13 வயசு. நாலு வருஷம் கழிச்சு 2019-ல வந்த முதல் பெரிய ஆல்பத்தை எங்க செஞ்சாங்க? ஹாலிவுட் கூப்பிடு தூரத்துல இருக்கு. எத்தனையோ பெரிய ஸ்டூடியோ இருக்குத ஊர். ஆனா அண்ணனோட சின்ன அறையில, கட்டில்ல உக்காந்துதான் அந்தப் பிள்ளை பாடிச்சு.

நம்ம கன்னடியன் கால்வாய் எத்தனை வயலுக்குத் தண்ணி கொண்டுபோகுது! அதுக்காகத் தண்ணி கால்வாய்லயா ஊறுது? பொதிகையில மழை பெய்யணும்லா!

இணையமே இல்லாத காலத்துக்கு வாங்க. 1906-ல செங்கோட்டையில பிறந்த கிட்டப்பா. அண்ணன்மார் நாடகத்துல இருந்தாங்க, அவங்க பின்னாலயே போய்ச் சின்னஞ்சிறு வயசுல மேடை ஏறுன பிள்ளை. மைக் இல்லாம கடைசி வரிசை வரைக்கும் கேட்ட குரல். 1933-ல கண்ணை மூடுனார், முப்பது வயசு ஆகலை. அதுக்குள்ள தமிழ்நாடும் இலங்கையும் அவரைத் தூக்கிவச்சுக் கொண்டாடிச்சு. அவர் கையில எந்தச் செல் இருந்துச்சு? அண்ணன் கைதான் இருந்துச்சு.

நடுவர் முதல் மணி அடிச்சுட்டாங்க. வாதத்தை இதோட விட்டுருதேன். எனக்கு இன்னும் ஒண்ணு சொல்லணும்.

பில்லியோட அந்த 2019 ஆல்பத்தைப் போட்டதும் முதல்ல கேக்குதது பாட்டு இல்லை. பல்லை நேராக்க மாட்டியிருந்த கிளிப்பைக் கழட்டுத சத்தம். பின்னால அண்ணனும் தங்கச்சியும் சிரிக்காங்க. கோடிக்கணக்கான பேர் கேக்கப்போற ஆல்பம், வெட்டிருக்கலாம். வெட்டலை. அதைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு எதுத்த வீட்டு ஞாபகம்தான் வரும்.

அந்தப் பிள்ளை பாட்டை முந்நூத்திச் சொச்சம் பேர்தான் கேட்டாங்க. இப்போ பாளையங்கோட்டையில காலேஜ் படிக்கா, கொடைக்குக் கொடை மேடையில பாடுதா. தாத்தா போன ஐப்பசியில போயிட்டார். பதினாறாம் நாள் விசேஷம் முடிஞ்சு, அந்தப் பழைய பாட்டை ஹெட்போன் மாட்டிக் கேட்டிருக்கா. பாட்டு முடிஞ்சு, செல்லை அணைக்குததுக்கு முந்தி, எங்கயோ தூரத்துல ஒரு இருமல். தெருமுக்குல இருந்து.

கூடப் படிக்குத பையன் ஒருத்தன் பாட்டைச் சுத்தம் பண்ணித் தாரேன், அந்த இருமலை எடுத்துரலாம்னான். பிள்ளை செல்லை அவன் கையில இருந்து வாங்கிக்கிட்டா.

அவகிட்டக் கேட்டுட்டுத்தான் இங்க கொண்டாந்திருக்கேன். மைக் செட் தம்பி, இந்தச் செல்லை மாட்டு. பாட்டு வேண்டாம், கடைசிப் பத்து விநாடி போதும். பெரியம்மைமாரே, பின்வரிசைப் பிள்ளைகளே, எதிரணித் தம்பி, நீங்களும்தான். ஒரு பத்து விநாடி, யாரும் சத்தம் போடாதீங்க.