மூக்கு சிவந்த ராஜா

பெரியவர்களுக்கும், பூதக்கண்ணாடியோடு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நாணயம் என்றால் நேர்மை என்றும் பொருள் உண்டு என்று சொல்லித்தான் நம் கூட்டங்களில் பேச்சைத் தொடங்குவார்கள். இன்று அதை விட்டுவிடுகிறேன். நான் பேசப்போவது இங்கிலாந்தின் ட்யூடர், ஸ்டூவர்ட் ராஜாக்களைப் பற்றி, அதாவது 1485 முதல் 1714 வரை. காசின் மேல் அவர்கள் எழுதிவைத்தது ஒன்று, காசின் உலோகமும் ஓரமும் சொல்வது இன்னொன்று. இரண்டையும் சேர்த்து வாசிக்கிற ருசிக்காகத்தான் இருபது வருஷமாக இதில் பணத்தை விட்டுக்கொண்டிருக்கிறேன்.

எட்டாம் ஹென்றியின் ஆறு கல்யாணக் கதை எல்லோருக்கும் தெரியும். அவர் காசை வைத்துச் செய்த வேலை அவ்வளவாகத் தெரியாது. மடங்களை மூடிச் சொத்தை எடுத்துக்கொண்ட பிறகும், பிரான்ஸோடும் ஸ்காட்லாந்தோடும் போட்ட சண்டைக்கு அவருக்குப் பணம் போதவில்லை. நூற்றுக்கு 92½ பங்கு வெள்ளி என்பது அந்த நாட்டின் பழைய கணக்கு. 1545-இல் அது பாதியானது. 1546-இல் மூன்றில் ஒரு பங்கு. மீதியெல்லாம் செம்பு. செம்பு வெளியே தெரிந்தால் யார் வாங்குவார்கள்? அதனால் மேல்பரப்பில் மட்டும் வெள்ளி தெரியும்படி வெளுத்துவிட்டார்கள்.

பன்னிரண்டு பென்னி மதிப்புள்ள அந்த ஷில்லிங்கில் ராஜா பக்கவாட்டில் திரும்பியிருக்கவில்லை, நேரே நம்மைப் பார்க்கிறார். நேர்முகத்தில் மேடான இடம் எது? மூக்கு. பத்துக் கை மாறியதும் மேலே இருந்த வெள்ளி முதலில் தேய்ந்த இடம் அதுதான். உள்ளே இருந்த செம்பு எட்டிப் பார்த்தது. 'கிழட்டுச் செம்புமூக்கு' என்று ஜனங்கள் ராஜாவுக்கே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். மகன் ஆறாம் எட்வர்ட் காலத்தில், 1551-இல், வெள்ளி கால் பங்குக்கு இறங்கியது. சரி, இந்தக் குப்பையை யார் அள்ளுவது? எட்வர்டின் அக்கா, பிறகு ராணியான எலிசபெத். 1560-இல் அந்த மட்டக் காசுகளைக் கொண்டுவரச் சொல்லி, தரத்துக்கு ஏற்ப இரண்டு முத்திரை குத்தினார்கள். கோட்டை வாசலில் மேலிருந்து இறக்கும் இரும்புக் கம்பிக் கதவின் முத்திரை விழுந்தால் நாலரைப் பென்னி. வேட்டைநாய் விழுந்தால் இரண்டேகால். முதலில் பன்னிரண்டு பென்னி என்று வாங்கி வைத்திருந்தவன் வயிறு எரிந்திருக்கும். அப்புறம் அவற்றை உருக்கிப் புதுக்காசு அடித்தார்கள்.

அதே இரும்புக் கதவு 1600-இல் இன்னொரு காசிலும் வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் கப்பல் பயணத்துக்கென்றே, ஸ்பெயின் நாட்டு ரியால் எடைக்கு அடித்த வெள்ளிக்காசு அது. ஆசிய வியாபாரிகளுக்கு ஸ்பெயின் காசு பழக்கம், எலிசபெத் யாரென்று தெரியாது. அதோடு அந்தக் காசின் கதை முடிந்தது. நம் ஊரில் தங்கசாலை வைத்துக் காசடித்த அதே கம்பெனியின் ஆரம்பம் இவ்வளவு சாதாரணமானது.

இனி முதலாம் சார்ல்ஸ். 1642-இல் ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்டது. லண்டன் கோபுரத்தில் இருந்த தங்கசாலை பாராளுமன்றத்தின் கையில். அவர்கள் அங்கே யார் தலையைப் போட்டுக் காசடித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? சார்ல்ஸ் தலையைத்தான்! ராஜாவை எதிர்த்துச் சண்டை போடுகிற சிப்பாய்க்கு ராஜா முகம் பொறித்த சம்பளம். எதிர்ப்பக்கம் சார்ல்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்துகொண்டு, கல்லூரிகளின் வெள்ளித் தட்டுகளையும் கிண்ணங்களையும் உருக்கினார். அந்தக் காசில், புராட்டஸ்டன்ட் மதத்தையும் இங்கிலாந்தின் சட்டத்தையும் பாராளுமன்றத்தின் சுதந்திரத்தையும் காப்பேன் என்று சுருக்கெழுத்து லத்தீனில் வாக்குறுதி. தேர்தல் அறிக்கை மாதிரி.

ராஜா பக்கம் நின்று முற்றுகையில் மாட்டிய ஊர்களில் உருக்கக்கூட அவகாசம் இல்லை. நியூவார்க்கில் 1645, 1646 வருஷங்களில் தட்டுகளைச் சாய்சதுரமாக வெட்டி அச்சு குத்தினார்கள், நம் பர்ஃபி மாதிரி. சிலவற்றில் பழைய தட்டின் வேலைப்பாடு இன்னும் தெரியும். யாருடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையோ! எனக்கும் ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஒரு வியாபாரியிடம் பேரம் பேசாமல் வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஓரத்தைப் பார்த்தால் சுற்றிலும் மெல்லிய கோடு. இரண்டு பாதி அச்சில் வார்த்த பொம்மைக் காசு. இந்தக் காசுக்கு ஞாபகார்த்தமாக நிறையப் பிரதிகள் வார்த்து விற்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது என் மகள் அதைச் சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறாள்.

என்னை மிகவும் நிறுத்தி யோசிக்கவைத்தது போன்டிஃப்ராக்ட் கோட்டையின் எண்கோண ஷில்லிங். 1649 ஜனவரி 30 அன்று சார்ல்ஸின் தலையை வெட்டிவிட்டார்கள். வடக்கே இந்தக் கோட்டைக்காரர்கள் மட்டும் சரணடையவில்லை. மகன் பெயரில், இரண்டாம் சார்ல்ஸ் என்று போட்டுக் காசடித்தார்கள். 'தந்தை இறந்தபின் மகனுக்காக' என்று சுற்றிலும் லத்தீன். ஆனால் காசில் வருஷம் 1648. தவறில்லை. அவர்களுக்கு மார்ச் 25-இல்தான் வருஷம் பிறக்கும். புது வருஷம் பிறப்பதற்குள் கோட்டையும் விழுந்துவிட்டது. அதாவது, நாடே இல்லாத ராஜாவுக்கு ஒரு கோட்டைக்குள் மட்டும் செல்லுபடியான காசு. படத்தில்தான் பார்த்திருக்கிறேன், விலை நமக்கு எட்டாது.

ராஜாவை எதிர்த்த பாராளுமன்றப் படையின் தளபதி, பிறகு ராஜா இல்லாத நாட்டை ஆண்டவர் கிராம்வெல். அவர் காசைப் பற்றி ஒரு வரி. 1658-இல் தாமஸ் சைமன் செதுக்கிய அழகான கிரவுன், அதாவது ஐந்து ஷில்லிங் காசு. அடிக்க அடிக்க அச்சில் விரிசல் விட்டு, கிராம்வெல்லின் கழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. 1661-இல் அவர் பிணத்தைத் தோண்டியெடுத்துத் தலையைத் துண்டித்தார்கள். விற்பவர்கள் இதை மாயமாகச் சொல்வார்கள். அது விரிசல், அவ்வளவுதான்.

சரி, கையில் கொண்டுவந்ததைக் காட்டுகிறேன். 1561-ஆம் வருஷத்து ஆறு பென்னி, என்னிடம் உள்ளவற்றில் மலிவானது. எலிசபெத்தின் தலைக்குப் பின்னால் ஒரு ரோஜா இருக்கும். அலங்காரமில்லை அது. அந்தக் காலத்து வெள்ளிக்காசுகள் அளவில் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட இருக்கும், படிக்கத் தெரிந்தவர்களும் குறைவு. அதனால் ஒன்றுவிட்டு ஒன்றுக்கு ரோஜா போட்டார்கள். நாலு பென்னியில் இருக்காது, ஆறில் இருக்கும். எழுத்து தொடங்கும் இடத்தில் சின்ன அம்புமுனை. தங்கசாலை எந்தக் காலத்தில் அடித்தது என்பதற்கான ரகசியக் குறி. தரப் பரிசோதனையில் காசு தேறாவிட்டால் யாரைப் பிடிப்பது என்று அதை வைத்துத் தெரியும்.

ஒரு பக்கம் எழுத்துகளின் தலை காணாமல் போயிருக்கும். யாரோ கத்தரியால் வெள்ளியைச் சீவி எடுத்துக்கொண்டு காசை மட்டும் செலவழித்திருக்கிறார். பிடிபட்டால் மரண தண்டனை என்று தெரிந்தும். 1662-க்குப் பிறகு இயந்திரத்தில் அடித்த காசுகளுக்கு ஓரத்தில் எழுத்தும் வரிகளும் வந்தது இவரைப் போன்றவர்களால்தான்.

தட்டில் வைத்து முதல் வரிசையிலிருந்து அனுப்புகிறேன். முகத்தில் விரல் படாமல் ஓரத்தைப் பிடியுங்கள், தயவுசெய்து யாரும் துடைக்க வேண்டாம். கடைசி வரிசைக்குப் போனதும் எனக்கு ஒரு குரல் கொடுங்கள்.