தண்டவாளத்தைப் புல் தாங்கிக்கொண்டிருந்த ரயில்

எல்லோருக்கும் வணக்கம்.

முகம் வைத்த நீல நிற ரயில் எஞ்சின் 'தாமஸ்'. உங்கள் வீட்டுக் குழந்தையின் சட்டையிலோ தண்ணீர்ப் புட்டியிலோ அதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதைகளை எழுதியவர் வில்பர்ட் ஆட்ரி என்ற ஆங்கிலேயப் பாதிரியார். 1943-இல் தட்டம்மை கண்டு படுத்திருந்த மகனுக்குச் சொன்ன கதைகள், 1945-இல் புத்தகமாக வரத் தொடங்கின.

நான் பேச வந்தது தாமஸைப் பற்றி அல்ல. அதே தொடரில் மலைப்பக்கமாக ஒரு குட்டி ரயில் வரும். ஸ்கார்லோயி, ரெனியாஸ், சர் ஹேண்டல், பீட்டர் சாம் என்று அதன் எஞ்சின்களுக்குப் பெயர். அவை ஓடும் தீவு கற்பனை. ஆனால் எஞ்சின்கள் நிஜம். வேல்ஸில், கடலோர ஊரான டவினில் போய் நின்றால் அவற்றின் மூலங்களை இன்றும் பார்க்கலாம். அந்த ரயிலுக்கு டாலிலின் ரயில்வே என்று பெயர்.

நான் உச்சரித்தது தப்பு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெல்ஷ் மொழியில் இரட்டை லகரம் ஒன்று உண்டு. 'ல' சொல்லும் இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு காற்றை மட்டும் ஊத வேண்டும். நம் ழகரத்தோடு வெளியூர்க்காரர்கள் படும் பாட்டை அங்கே நாம் படலாம். பெயரின் பொருள் 'ஏரியின் தலைப்பக்கம்' என்பது போல வரும். வேடிக்கை என்னவென்றால், ரயில் அந்த ஏரி வரை போவதே இல்லை!

அது ஏரிக்குப் போகக் கட்டிய ரயில் அல்ல, கல்லுக்காகக் கட்டியது. நாம் குச்சியால் எழுதிப் பழகினோமே, அந்தச் சிலேட்டுக் கல்தான். அங்கே அதை வீட்டுக் கூரைக்கு வேய்வார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து நின்றபோது, மான்செஸ்டர் பஞ்சாலைக் குடும்பமான மெக்கானல்கள் தங்கள் பணத்தைப் பிரினெக்லுவிஸ் கல் குவாரியில் போட்டார்கள். கல்லை இறக்கிக் கொண்டுவர 1865-இல் பாதை போட்டார்கள். தண்டவாளங்களுக்கு இடையே 2 அடி 3 அங்குலம்தான், 70 சென்டிமீட்டர்கூட இல்லை.

பயணிகளை ஏற்றுவதற்கு முன் 1866-இல் அரசாங்க ஆய்வாளர் டைலர் வந்தார். பாலங்களுக்கு அடியில் பெட்டிக்கும் சுவருக்கும் இடையே போதுமான இடைவெளி இல்லை. கதவைத் திறந்து யாராவது எட்டிப் பார்த்தால் தலை போய்விடும். பாலத்தை இடித்துக் கட்டவா முடியும்? பெட்டிகளின் ஒரு பக்கக் கதவுகளை நிரந்தரமாக அடைத்தார்கள். பாலத்தடியில் தண்டவாளத்தை ஒரு பக்கமாக நகர்த்திப் போட்டார்கள். முதல் எஞ்சினான 'டாலிலின்' மேலும் கீழும் குதித்தது, அதனால் பின்னால் கூடுதலாக ஒரு ஜோடிச் சக்கரம் மாட்டினார்கள். இந்தக் குதிப்பை ஆட்ரி விடவில்லை. 'டாலிலின்' எஞ்சினைப் பார்த்து அவர் படைத்ததுதான் ஸ்கார்லோயி, கதையிலும் அது இளவயதில் குதித்துக் குதித்துத்தான் ஓடும்.

1911-இல் ரயிலையும் குவாரியையும் வாங்கியவர் சர் ஹேடன் ஜோன்ஸ். டவினில் இரும்புக்கடைக் குடும்பம், நாடாளுமன்ற உறுப்பினர். 1946 டிசம்பரில் குவாரி சரிந்து மூடப்பட்டது. ரயிலில் நஷ்டம்தான். "நான் உயிரோடு இருக்கும் வரை ஓடும்" என்று சொல்லியிருந்தார், சொன்னபடியே ஓட்டினார். 1947-இல் பிரிட்டன் தன் ரயில்களை நாட்டுடைமை ஆக்கியபோது இதைச் சேர்க்கவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று என்பேன். சேர்த்திருந்தால் மூடியிருப்பார்கள், பக்கத்துக் கோரிஸ் ரயிலுக்கு 1948-இல் அதுதான் நடந்தது.

1950 ஜூலையில் சர் ஹேடன் காலமானார். அப்போது ஓடக்கூடிய எஞ்சின் ஒன்றே ஒன்று, 1866-இல் செய்த 'டோல்கோக்'. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த கட்டைகள் மக்கிப்போய், அதை விலகாமல் பிடித்துக்கொண்டிருந்தது புல்தான் என்று சொல்வார்கள்.

அப்புறம் வருகிறார் டாம் ரோல்ட். எழுத்தாளர், எஞ்சினியர், பழைய கால்வாய்களைக் காக்கப் போராடியவர். 1950 அக்டோபரில் பர்மிங்காமில் ஒரு ஹோட்டலில் கூட்டம் போட்டார். சம்பளம் வாங்காத ஆட்களே ஒரு ரயிலை நடத்துவது என்று முடிவானது. உலகில் அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. சர் ஹேடனின் மனைவி பங்குகளைக் கொடுத்தார். 1951 மே 14 அன்று வண்டி கிளம்பியது.

மூடிய கோரிஸ் ரயிலின் இரண்டு எஞ்சின்கள் 50 பவுண்டுக்குக் கிடைத்தன. ஒன்றுக்குப் பழைய முதலாளியின் பெயர், 'சர் ஹேடன்'. மற்றதற்கு மேலாளரின் பெயர், 'எட்வர்ட் தாமஸ்'. சர் ஹேடன் வந்த வேகத்தில் தடம் புரண்டது. தண்டவாளம் அகன்று கிடந்தது, அதன் சக்கரமோ குறுகல், நடுவில் பொத்தென்று விழுந்துவிடும். கதையில் 'சர் ஹேண்டல்' எஞ்சினுக்கு அகலச் சக்கரம் மாட்டுவார்கள். உடனே அதற்குத் தலைக்கனம் ஏறி, ரோடு ரோலரோடு வம்புக்குப் போகும். எட்வர்ட் தாமஸுக்கு 1958-இல் புதுவிதமான சப்பைப் புகைபோக்கி வைத்தார்கள். கதையில் பீட்டர் சாமுக்கும் அதே சப்பைப் புகைபோக்கி, மற்ற எஞ்சின்களின் கேலி இலவசம்.

ஆட்ரி தூரத்தில் இருந்து பார்த்து எழுதியவர் அல்ல. ரயிலை நடத்திய அந்தத் தொண்டர்களின் சங்கத்தில் சேர்ந்து, விடுமுறையில் வந்து கார்டு வேலை பார்த்தார். ஒருநாள் கொடியசைத்து வண்டியைக் கிளப்பிவிட்டார். தேநீர், தின்பண்டம் விற்கும் அம்மாள் பிளாட்பாரத்திலேயே நிற்கிறார்! இது அப்படியே கதையானது. அதில் பழி பீட்டர் சாமின் அவசரபுத்தி மேல் விழுந்தது. பாதிரியார் எவ்வளவு நாசூக்காகத் தன் தவறை எஞ்சின் தலையில் கட்டினார் பாருங்கள்.

எனக்கு அந்தக் கதைகள் பிடிப்பதற்கு இதுவே காரணம். அங்கே மந்திரம் கிடையாது. எஞ்சின்கள் பேசும், அவ்வளவுதான். மற்றபடி மக்கிய கட்டை, ஒழுகும் பாய்லர், ஒரு பக்கம் மட்டும் நீராவி இழுக்கும் எஞ்சின். குழந்தைகளுக்குப் பழுதைப் பற்றிச் சொல்ல அவர் கூச்சப்படவில்லை.

இன்று அந்த ரயில் நான்ட் குவெர்னோல் வரை ஓடுகிறது, பன்னிரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கடைசித் துண்டில் பயணிகள் போகத் தொடங்கியது 1976-இல். 2021-இல் யுனெஸ்கோ அந்தச் சிலேட்டு நிலப்பரப்பை உலகப் பாரம்பரியத்தில் சேர்த்தபோது இந்தப் பாதையும் அதில் இருந்தது. டவின் ஸ்டேஷன் அருங்காட்சியகத்தில் ஆட்ரியின் எழுத்தறையை மறுபடி அமைத்து வைத்திருக்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். 'டோல்கோக்' தனியாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில் 'டாலிலின்' எஞ்சின் ஷெட்டுக்குள் முடங்கிக் கிடந்தது. பழுது பார்க்கப் பணம் வேண்டும், 1958 வரை அது திரும்பவில்லை. 1959-இல் வந்த ஆட்ரியின் புத்தகத்தில் தொலைக்காட்சிக்காரர்கள் ஸ்கார்லோயியைப் பேச அழைக்கிறார்கள். கேமரா முன்னால் அந்தக் கிழ எஞ்சின் தன்னைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு டாலிலின் என்று ஓர் இரட்டைப் பிறவி உண்டு, வேல்ஸில் டவினில் இருக்கிறான், எல்லோரும் போய் அவனைப் பாருங்கள் என்கிறது.