மொரீசியசுக்குப் பெட்டி கட்டுகிறவர்களுக்கு

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்குப் பூகோளம் சொல்லித்தந்த தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து பாதியில் எழுந்து வந்திருக்கும் நகர்மன்றத் துணைத் தலைவர் அவர்களே, மைக் செட்டைக் காசு வாங்காமல் கொடுத்த தம்பி, மகளிர் குழுச் சகோதரிகளே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் மன்னியுங்கள். சால்வை போடும்போது செயலாளர் சரிக்கட்டிவிடுவார்.

மொரீசியஸ் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். எதைப் பார்ப்பது, எதைச் சாப்பிடுவது, எவ்வளவு செலவாகும் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிறேன். பேச்சைக் கடைசியில் எங்கே கொண்டுபோய் நிறுத்துவேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குள் சிரிக்க வேண்டாம்.

இந்தியப் பெருங்கடலில் ஒரு தீவு. பெரிய நாடு இல்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஜனம் பன்னிரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். 1968 மார்ச் 12-ல் பிரிட்டிஷாரிடமிருந்து விடுதலை. சுற்றுலா போகும் இந்தியர் முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. திரும்பி வரும் டிக்கெட்டும் தங்குமிட விவரமும் கையில் இருந்தால் போதும். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளிவையுங்கள். நமக்கு வெயில் கொளுத்தும் மே, ஜூனில் அங்கே குளிர் தொடங்கியிருக்கும். புயல் காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை.

அந்த ஊர் ரூபாய் நோட்டை வாங்கியதும் பாருங்கள், தமிழ் எழுத்து இருக்கும். 1998-ல் புது நோட்டில் இந்தியை மேலே ஏற்றித் தமிழைக் கீழே இறக்கினார்கள். அங்குள்ள தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், நோட்டைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நம்மவர்கள் நேற்றுப் போனவர்கள் இல்லை. 1735-ல் வந்த பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனே, போர்ட் லூயிஸ் துறைமுகத்தைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களை வரவழைத்தார். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக லட்சக்கணக்கில் இந்தியர்கள் போனது 1834-க்குப் பிறகு. அவர்கள் கரையிறங்கிய ஆப்ரவாசி காட் இன்று உலகப் பாரம்பரியச் சின்னம். கடற்கரைக்குப் போவதற்கு முன்னால் அதைப் பார்த்துவிடுங்கள். தைப்பூசக் காவடிக்கு நாடு முழுக்க அரசு விடுமுறை!

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். அதை வைத்துத்தான் நான் எந்த ஊருக்கும் போவது.

போன முறை எங்கள் குழுவில் ஒரு பெரியவர். ஊர் பெயர் சொல்ல மாட்டேன், அந்த ஊர்க்காரர்கள் மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். கறிவேப்பிலை இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. கட்டுக்கட்டாக வாங்கி, பிளாஸ்டிக் கவருக்குள் கவர், அதற்குள் கவர் என்று சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரியின் சட்டைப் பெயர்ப்பட்டையில் தமிழ்ப் பெயர். இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “தம்பி, நமக்கு எந்தப் பக்கம்? தஞ்சாவூரா?” அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே பிரெஞ்சில் ஏதோ கேட்டார். இவர் அசரவில்லை. “கூச்சப்படாதீங்க, தமிழ்லயே பேசுங்க” என்றார்! தம்பி கவர்களை ஒவ்வொன்றாக உரிக்கிறார், உரிக்கிறார், வெங்காயம் மாதிரி வந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் ஆங்கிலத்தில் சொன்னார்: “ஐயா, பச்சை இலை, விதை எதுவும் அனுமதி இல்லாமல் உள்ளே வரக்கூடாது. இந்தக் கவரும் இங்கே தடை. கறிவேப்பிலை எங்கள் சந்தையிலேயே கிடைக்கும்.” பின்னால் நின்ற அம்மா, “சென்னையிலேயே சொன்னேன், கேட்டாத்தானே?” என்று, தன் துணிப்பையை அவர் கையில் திணித்தார். பயணம் முடியும்வரை அந்தப் பை அவர் தோளில்தான் தொங்கியது.

அதிகாரியைக் கெடுபிடிக்காரர் என்று நினைக்காதீர்கள். 1598-ல் டச்சுக்காரர்கள் வந்திறங்கினார்கள். கப்பல்களோடு வந்த எலியும் பன்றியும் குரங்கும் பறவை முட்டைகளைத் தின்றன. நூறு ஆண்டுக்குள், அந்தத் தீவில் மட்டுமே வாழ்ந்த டோடோ பறவை பூண்டோடு அழிந்தது. விருந்தும் மருந்தும் மூன்று நாள். அந்த எலிகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

தீவைச் சுற்றி ஏறக்குறைய முழுக்கப் பவளப்பாறை அரண். வெளியே இந்தியப் பெருங்கடல் மோதும், உள்ளே குழந்தைகள் குளிக்கலாம். அந்தப் பாறையில்தான் 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் ஏறியது. சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கொட்டியது. ஜனங்கள் காத்திருக்கவில்லை. கரும்புச் சோகையைத் துணிக்குள் அடைத்துத் தைத்துக் கடலில் மிதவை வேலி போட்டார்கள். மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் பாட்டில்களையும் கட்டினார்கள். உண்மையை மறைக்கக் கூடாது, பாட்டிலுக்கும் அன்று ஒரு நல்ல பெயர் கிடைத்தது.

அந்த நாடு பிளாஸ்டிக் பையை 2016-லேயே தடை செய்துவிட்டது. 2021-ல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல்களுக்கும் தடை. நம் ஊரிலும் தடை இருக்கிறது; துணைத் தலைவர் அவர்களே, உங்களைப் பார்த்துச் சொல்லவில்லை, வாரச் சந்தையைப் பார்த்துச் சொல்கிறேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள். விருந்தாளி விட்டுவரும் கவருக்கு எத்தனை நாள்?

சாப்பாட்டுக்கு வருகிறேன். போர்ட் லூயிஸில் தால் பூரி, அதாவது பருப்பு அடைத்த மெல்லிய ரொட்டி, வாங்குங்கள், ஜோடியாகத் தருவார்கள். தமிழர் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள், வாழையிலையில் ஏழு கறி. சமரேலின் ஏழு வண்ண மண், பாம்பிள்மூஸ் தோட்டத்தின் ராட்சத அல்லி எல்லாம் வழிகாட்டியே காட்டிவிடுவார். செலவுக் கணக்கை டிராவல்ஸ் தம்பியிடம் கேளுங்கள், தலைவர் மணியைத் தொட்டுவிட்டார்.

வாசலில் மகளிர் குழுச் சகோதரிகள் தைத்த மஞ்சள் பைகள் இருக்கின்றன. பயணம் போகிறவர்கள் ஆளுக்கு இரண்டு வாங்க வேண்டும், ஒன்று அங்கே சந்தைக்கு, இன்னொன்று ஈரத்துணிக்கு. தோளில் மாட்ட நீளமான கைப்பிடி வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், தைத்துத் தருவார்கள். நன்றி, வணக்கம்.