தளவாய் இல்லாத குளம்

அவைத்தலைவர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, பொன்னாடை போர்த்திய உறுப்பினர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தமிழாசிரியர் ஐயா அவர்களே (இன்றைக்கு இலக்கணம் பார்த்துத்தான் பேசவேண்டும்), பாறசாலையிலிருந்து பஸ் பிடித்துத் தக்கலைக்கு வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

படைத்தலைமைப் பட்டங்களைப் பற்றி மூன்று செய்திகள்: உலகநடப்பு, நம் தளவாய், சோழர் சேனாபதிகள்.

ஜெர்மனி வீழ்ந்ததும், 1945இல் ஸ்டாலினுக்கு ஜெனரலிசிமோ பட்டம் கொடுத்தார்கள், மார்ஷல்களுக்கும் மேலே. சீனத்துச் சியாங் கை ஷேக்குக்கும் ஸ்பெயினின் பிராங்கோவுக்கும் அதே பெயர். நாம் அந்தப் பக்கமே போகவில்லை. முப்படைகளின் தலைமை குடியரசுத் தலைவரிடம். கமாண்டர்-இன்-சீஃப் என்று தளபதிகளுக்கு இருந்த பெயரையும் 1955இல் எடுத்துவிட்டோம். நல்ல காரியம். எல்லாரும் பல்லக்கு ஏறினால் தூக்குவது யார்?

இனி குளச்சல், 1741. டச்சுக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பீரங்கி போதாது. என் பாட்டி சொல்வாள்: பனந்தடிகளை வெட்டி, மாட்டுவண்டியில் ஏற்றி, கடலைப் பார்த்து நிறுத்தினார்களாம். மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றார்களாம். கப்பலில் குழல்வழியே பார்த்தவனுக்கு அத்தனையும் பீரங்கி, அத்தனையும் துப்பாக்கி! இதைச் சொல்லும்போது பாட்டி உலக்கையைத் தோளில் வைத்து முற்றத்தில் நடந்து காட்டுவாள். ஐயா சிரிக்கிறார், சான்று கேட்காதீர்கள் ஐயா, பாட்டிதான் சான்று.

ஆனால் அந்தப் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய்க்குச் சான்று உண்டு. தோற்கடித்த மன்னரிடமே வேலைக்குச் சேர்ந்து, படைக்குப் பயிற்சி கொடுத்து, ‘வலிய கப்பித்தான்’, அதாவது பெரிய கேப்டன், ஆனார். 1777இல் காலமானார். உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறை; கல்லில் லத்தீனும் தமிழும்.

அந்த நாளில் தளவாய் என்றால் படையும் அவர் பொறுப்பு, வரியும் நிர்வாகமும் அவர் பொறுப்பு. தலக்குளத்து வேலுத்தம்பி தளவாயாக இருந்துதான் 1809இல் கொல்லத்துக்குப் பக்கத்துக் குண்டறையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக அறிக்கை விட்டார். கெட்டாலும் பழி அவர் தலையில்தான்.

சரி, நம்மூர்க் குளத்துக்கு யார் தளவாய்? ஆகாயத்தாமரை மூடி, படித்துறையில் மேல் இரண்டு படிதான் தெரிகிறது. ராத்திரியில் டிப்பரில் மண் வந்து கரையோரம் விழுகிறது. ஓர் அலுவலகத்தில் கேட்டால் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுகிறார்கள். அங்கே போனால் மனுவில் முத்திரை குத்தி அனுப்பிவிடுகிறார்கள். அதிகாரம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் எல்லாரும் பல்லக்கு ஏறினால் தூக்குவது யார்? பொறுப்பதிகாரி ஒருவரை எழுத்தில் நியமிக்கட்டும். அளந்து எல்லைக்கல் நடட்டும்.

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சோழர் சேனாபதிகள் இன்னொரு மேடைக்கு. வாசலில் மனு நோட்டு இருக்கிறது. பாறசாலைக்காரர்களும் கையெழுத்துப் போடலாம், கடைசி பஸ் ஒன்பதரைக்குத்தான். நன்றி, வணக்கம்.