தெளிந்த நீரில் தேடிக் கிடைக்காதது

அவைத்தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

ஆறு கெட்டுவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் முதலில் என்ன செய்கிறோம்? ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். ஈயம் வரம்புக்குள், காட்மியம் வரம்புக்குள், துத்தநாகம் வரம்புக்குள் என்று அறிக்கை வருகிறது. நிம்மதியாக வீட்டுக்குப் போகிறோம். அறிக்கையில் பொய் ஒன்றும் இல்லை. தேடிய இடமும் தேடிய நாளும்தான் சரியில்லை. உலோகம் சேற்றைப் பிடித்துக்கொண்டு போகிறது, சேறு வெள்ளத்தில் போகிறது. அளக்கிறவரும் தடுக்கிறவரும் அந்த வழியில் போய் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மணலை விட்டுவிடுங்கள், அது பெரும்பாலும் சாது. 63 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய வண்டல், களிமண் துகள்கள்தான் நமக்குத் தலைவலி. துகள் சிறுக்கச் சிறுக்க, அதே எடைக்கு மேற்பரப்பு பெருகிக்கொண்டே போகும். அந்த மேற்பரப்பில் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும், மக்கிய இலைதழையும் ஒட்டியிருக்கும். ஈயமும் செம்பும் துத்தநாகமும் காட்மியமும் அதில் வந்து பற்றிக்கொள்கின்றன. ஈயத்துக்குத் தண்ணீரில் கரைந்து நிற்பது பிடிக்காது. கிடைத்த துகளில் ஏறி உட்கார்ந்துவிடும்.

இப்போது ஒரு கணக்கு. கற்பனை ஆறுதான், ஆனால் எண்கள் நடப்பில் காணக்கூடியவை. கோடையில் விநாடிக்கு 5 கன மீட்டர் நீர் ஓடுகிறது, லிட்டருக்கு 10 மில்லிகிராம் சேறு. விநாடிக்கு 50 கிராம் ஆயிற்று. மழை கொட்டி வெள்ளம் வருகிறது. விநாடிக்கு 200 கன மீட்டர், லிட்டருக்கு 500 மில்லிகிராம். இப்போது விநாடிக்கு 100 கிலோ! இரண்டாயிரம் மடங்கு. வெள்ளத்தின் ஒரு மணி நேரம் கோடையின் 83 நாளுக்குச் சமம். அந்த ஒரு மணி நேரத்தில் 360 டன் சேறு போகிறது. கிலோவுக்கு 200 மில்லிகிராம் ஈயம் அதில் இருந்தால், 72 கிலோ ஈயம். மாதம் ஒரு முறை, வேலை நாளில், வெயில் ஏறிய பிறகு ஜீப்பில் வந்து மாதிரி எடுத்துப் போகும் திட்டத்துக்கு இந்த 72 கிலோ கண்ணில் படவே படாது.

2015 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் கொலராடோவில் கோல்டு கிங் என்ற கைவிடப்பட்ட சுரங்கம் உடைத்துக்கொண்டது. சுமார் 30 லட்சம் கேலன் அமில நீர் அனிமாஸ் ஆற்றுக்குள் பாய்ந்தது. ஆறே ஆரஞ்சு நிறமாக மாறிய படம் உலகம் முழுக்கப் போயிற்று. பிறகு அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை கணக்குப் பார்த்தது. அந்த ஒன்பது மணி நேரக் கசிவில் ஆற்றுக்குள் போன மொத்த உலோகம், பனி உருகும் வசந்தத்தில் அந்த ஆறு ஓரிரு நாளில் சுமந்து போகும் அளவுதான் என்று தெரிந்தது. விபத்தைச் சிறிதாக்கிச் சொல்லவில்லை. அன்று சில உலோகங்களின் செறிவு வழக்கத்தைவிட மிஞ்சித்தான் இருந்தது. ஆனால் ஆண்டுதோறும் அதே சுமை வழக்கமான மண் நிறத்தில் போனபோது எந்த நிருபரும் கரைக்கு வரவில்லை.

சரி, எப்படித்தான் அளப்பது? கலங்கலைக் கால் மணிக்கு ஒரு முறை பதிவு செய்யும் உணரியை ஆற்றில் பொருத்தலாம். ஆனால் அது சொல்வது கலங்கலை மட்டும். எவ்வளவு சேறு என்று தெரிய வெள்ள நேரத்தில் கையால் எடுத்த மாதிரிகளோடு ஒப்பிட்டாக வேண்டும். அதிலும் வெள்ளம் ஏறும்போது எடுங்கள். ஒரே அளவு நீர் ஓடினாலும், பல ஆறுகளில் வடியும்போது இருப்பதைவிட ஏறும்போது சேறு அதிகம்.

நீர் மாதிரி எடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பாட்டில் அமிலத்தில் ஊறிக் கழுவியதாக இருக்க வேண்டும். ஒரு பாட்டில் அப்படியே போகட்டும். இன்னொன்றின் நீரை ஆற்றங்கரையிலேயே 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டிவிட்டு, அதற்குப் பிறகு நைட்ரிக் அமிலம் விட வேண்டும். வரிசை மாறினால் காரியம் கெட்டது. முதலில் அமிலம் விட்டால் துகளில் ஒட்டியிருந்த உலோகம் கழன்று நீரில் இறங்கிவிடும். பிறகு வடிகட்டி ‘கரைந்த ஈயம்’ என்று எழுதினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மீனை உடனடியாகத் தாக்குவது பெரும்பாலும் கரைந்த பகுதிதான் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க முடியாது. கூடவே நீரின் கடினத்தன்மையையும், அதாவது அதில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியத்தின் அளவையும், குறியுங்கள். மென்னீரில் செம்பும் துத்தநாகமும் காட்டும் நச்சு வேகம் கடின நீரில் இருக்காது.

அடுத்து அடிச்சேறு. ஒவ்வொரு துணையாறும் சேரும் இடத்துக்கு மேலும் கீழும் எடுங்கள். எந்தக் கிளை குற்றவாளி என்று வரைபடமே சொல்லிவிடும். ஆனால் மணல் கலந்த மாதிரியில் ஈயம் கிலோவுக்கு 20 மில்லிகிராம், களிமண் மாதிரியில் 60 என்று வந்ததும் நடுவில் இருக்கும் ஆலை மீது பாயாதீர்கள். களிமண்ணில் இயல்பாகவே கூடுதல் இருக்கும். இரண்டையும் 63 மைக்ரான் சல்லடையில் சலித்து, அல்லது களிமண்ணின் அளவைக் காட்டும் அலுமினியத்தோடு விகிதம் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும். ஆலை வருவதற்கு முன் ஆறு எப்படி இருந்தது என்ற கேள்விக்கு வெள்ளச் சமவெளியிலோ ஏரியடியிலோ குழாய் இறக்கி எடுத்த மண்ணடுக்கு விடை தரும். அணுகுண்டுச் சோதனைகளால் விழுந்த சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள், 1963-ஐ ஒட்டிய அடுக்கில் உச்சம் காட்டும். சுமார் 22 ஆண்டுக்கு ஒரு முறை பாதியாகக் குறையும் கதிரியக்க ஈயமான ஈயம்-210 மற்ற அடுக்குகளுக்கு வயது சொல்லும்.

எண் கைக்கு வந்தபின் எதோடு ஒப்பிடுவது? நன்னீர் வண்டலுக்கு 2000-இல் வெளியாகிப் பரவலாகப் புழங்கும் ஓர் அளவுகோலில் ஈயத்துக்கு இரண்டு கோடுகள். கிலோவுக்கு 35.8 மில்லிகிராமுக்குக் கீழே அடிவாழ் உயிர்களுக்குக் கேடு அரிது, 128-க்கு மேலே கேடு எதிர்பார்க்கத்தக்கது. நடுவில் விழுந்தால் அந்தச் சேற்றில் புழுக்களை வளர்த்துப் பார்ப்பதுதான் வழி. இந்தக் கோடுகளைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு அறிக்கையில் சிவப்பு மையால் வட்டம் போடுபவர்கள் மீது எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

தடுப்பது பற்றி. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது வண்டல் குட்டை. ஒரு மீட்டர் ஆழக் குட்டையில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் மணல் துகள் இரண்டு நிமிடத்தில் தரை தொடும். 2 மைக்ரான் களிமண் துகளுக்கு மூன்று நாளுக்கு மேல் ஆகும், அதுவும் தண்ணீர் அசையாமல் நின்றால். ஆக, குட்டை நிறைந்து மணல் தெரிவதைப் பார்த்து நாம் மகிழ்ந்துகொண்டிருக்கும்போது, உலோகம் சுமந்த களிமண் மதகைத் தாண்டிப் போய்விட்டிருக்கும். குட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. மண் கிளம்பிய பிறகு பிடிப்பதைவிட, கிளம்பாமல் வைப்பது மலிவு. சரிவில் மூடுபயிர், வெட்டிவேர் வரப்பு, கரையோரம் புல்லும் மரமும், சாலை போட வெட்டிய மண்ணைத் திறந்து போடாமல் மூடுதல். சுரங்கக் கழிவுமேடாக இருந்தால் மழைநீர் அதன்மேல் ஏறாதபடி சுற்றுவாய்க்கால் வெட்டித் திருப்பிவிடுங்கள். மேட்டில் உள்ள பைரைட்டுக்கு (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காற்றும் தண்ணீரும் கிடைத்தால் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும். அமில நீருக்குச் சுண்ணாம்புக்கல் வாய்க்கால் நல்ல மருந்து, ஆனால் கல்மேல் இரும்புத் துரு படிந்து மூடிவிட்டால் வேலை செய்யாது. கல்லை வருடாவருடம் பார்க்க ஆளும் பணமும் ஒதுக்காமல் திறப்பு விழா நடத்தக் கூடாது.

நகரத்து ஆறுகளில் கதை வேறு. அங்கே செம்பு வாகனங்களின் பிரேக் கட்டைத் தூளிலிருந்தும், துத்தநாகம் டயரிலிருந்தும் கூரைத் தகட்டிலிருந்தும் வருகிறது. கலிபோர்னியா 2010-இல் சட்டம் போட்டு, பிரேக் கட்டையில் செம்பை 2021-க்குள் 5 விழுக்காட்டுக்கும் 2025-க்குள் அரை விழுக்காட்டுக்கும் குறைக்கச் சொன்னது. வாய்க்காலுக்கு வாய்க்கால் வடிகட்டி வைப்பதைவிட இது எவ்வளவோ புத்திசாலித்தனம்.

அதே கலிபோர்னியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீரைப் பீய்ச்சி மலையையே கரைத்துத் தங்கம் எடுத்தார்கள். 1884-இல் நீதிமன்றம் தடுத்தது. 1917-இல் புவியியலாளர் கில்பர்ட், நூறு கோடி கன கெஜத்துக்கு மேல் மண் ஆறுகளுக்குள் இறங்கிவிட்டதாகக் கணக்கிட்டார். தங்கத்தைப் பிடிக்க ஊற்றிய பாதரசம் இன்றும் அந்த வண்டலில் இருக்கிறது. கரை இடியும்போதெல்லாம் வெளியே வருகிறது. ஜப்பானின் ஜின்சூ ஆற்றில் காமியோகா சுரங்கத்துக் காட்மியம் வண்டலோடு வயலுக்குள் போய், அரிசி வழியாக எலும்பை முறித்தது. இடாய்-இடாய் என்ற அந்நோயை அரசு ஏற்றுக்கொண்டது 1968-இல். கெட்ட வயல்மண்ணை மாற்றி முடித்தது 2012-இல்.

முன்வரிசையிலிருந்து ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: “மொத்தமாகத் தூர்வாரிவிட்டால் ஆகாதா?” ஆகும், சில இடத்தில். ஆனால் ஆழத்துச் சேற்றில் காற்றில்லை. உலோகம் கந்தகத்தோடு சேர்ந்து கட்டுண்டு கிடக்கிறது. வாரி மேலே போட்டதும் காற்றுப் பட்டு அந்தக் கட்டு அவிழும். அள்ளியதைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் மறுபடி ஆற்றுக்குள் வரும். எனவே வாருவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: மேலே இருந்து வருவது நின்றுவிட்டதா, அள்ளும் சேற்றில் ஆழத்துக்கு ஆழம் உலோகம் எவ்வளவு, கொட்டும் இடத்தில் அடியில் விரிப்பும் மேலே மூடியும் உண்டா? முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், இயந்திரத்துக்கு வைத்திருக்கும் பணத்தை மேட்டுச் சரிவில் செலவழிக்கச் சொல்லுங்கள்.